நாப்பத்தெட்டு நாள் புகை

ஏறுங்கண்ணே, முன்னாடியே உக்காருங்க. மூணாறு பஸ்ஸு இப்பத்தான் போச்சு, அடுத்ததுக்கு நின்னீங்கன்னா வெயில் வந்துரும். போடிமெட்டுதான? நானும் அங்கிட்டுதான். பையை மடியில வச்சுக்கங்க. அந்தக் கொக்கியை மாட்டுங்க, கதவு வளைவுல திறந்துக்கும். ஆ, அப்படித்தான்.

பின்னாடி என்ன பாக்குறீங்க? ஆளா? ஆளில்லண்ணே. பதினாலு பேரு உக்கார்ற சீட்டு, ஒம்பது நாளா வெறுசாத்தான் மேல போயிட்டு கீழ வருது. டீசலை ஊத்தி, காத்தை ஏத்திக்கிட்டு மலை ஏறுறேன். பைத்தியக்காரன்னு நெனச்சுராதீங்க. காரணம் இருக்கு. காரணத்துக்குப் பேரு பவுன்ராசு.

பவுன்ராசுங்கிறது மெக்கானிக்கு. போடியில ஜீப்பு ஸ்டாண்டுக்குப் பின்னாடி தெருவுல செட்டு வச்சிருக்கான். டீசல் ஜீப்புன்னா அவன்தான். அம்பது வயசு ஆளு, அவன் இவன்ங்கிறேனேன்னு பாக்காதீங்க. மூணு மாசம் முன்னாடி வரைக்கும் அண்ணேன்னுதான் கூப்பிட்டேன். இப்ப வாயில வரமாட்டேங்குது. முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, யாரு பக்கம் நியாயம்னு. நீங்க வெளியூரு. ஸ்டாண்டுல ஒரு பய நியாயமாச் சொல்ல மாட்டான், எல்லாரும் சிரிக்கிறான்.

இருங்க, லாரி வருது, வழி விட்டுக்குறேன்.

ம். இந்த வண்டி எங்க அப்பா ஓட்டுன வண்டி. எனக்கு வயசு இருபத்தஞ்சு, வண்டிக்கு என்னைய விட மூணு வயசு கூட. சின்னப் பிள்ளையில இருந்து எனக்கு டீசல் இஞ்சின்னா கிறுக்கு. எவன் வண்டி வந்தாலும் சத்தத்தை வச்சே சொல்லுவேன், இது இன்னாரு வண்டின்னு. புகையைப் பாத்தே சொல்லுவேன் என்ன நோவுன்னு. கறுப்பாப் புகைஞ்சா டீசல் கூடப் போகுது, இல்ல காத்து பத்தல. வெள்ளையா வந்தா டீசல் சரியா எரியல, இல்லேன்னா தண்ணி உள்ள போகுது. நீலமா வந்தா ஆயில் எரியுது. அம்புட்டுதாண்ணே. இதைத் தெரிஞ்சுக்கிட்டா பாதி மெக்கானிக்கு. நான் முக்கா மெக்கானிக்கு.

போன வருசம் இஞ்சின் வேலை வந்துச்சு. பவுன்ராசுகிட்டதான் குடுத்தேன். பிஸ்டன், ரிங்கு, எல்லாம் புதுசு. பிரிச்சதுல இருந்து மாட்டுற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். ஒரே ஒரு நாளு மட்டும் எங்க மாமா பொண்ணு வளைகாப்புக்குப் போயிட்டேன். அந்த ஒரு நாளுலதான் ரிங்கு மாட்டியிருக்கான். இதை மனசுல வச்சுக்கங்க.

வேலை முடிஞ்சு வந்த வண்டி எப்படி இருந்துச்சுங்கிறீங்க. பூனை மாதிரி. இந்த வளைவெல்லாம் ரெண்டாவது கியர்லயே தூக்கும். மாயக்காவே சொல்லுச்சு, ஏலே அருளு, வண்டிக்கு மறுபிறப்பு எடுத்துக் குடுத்துட்டாருடா உங்க அண்ணேன்னு. மாயக்கான்னா ஏலக்காத் தோட்டத்துக் கங்காணி. பதினாலு பொம்பளையாளுக அது கையில. காலையில ஆறு மணிக்கு ஸ்டாண்டுல ஏத்தி மேல தோட்டத்துல விடணும், சாயங்காலம் கீழ கொண்டாந்து சேக்கணும். எங்க அப்பா காலத்துல இருந்து அந்த ஆளுக எங்க வண்டிதான். அது இருந்தா ஸ்டாண்டுல நாங்க ஒரு ஆளு. அது இல்லேன்னா, இந்தா பாருங்க, காத்து.

அப்புறம் மலையில ரோட்டு வேலை ஆரம்பிச்சாங்க. தூசின்னா தூசி, மாவு மில்லுக்குள்ள ஓட்டுற மாதிரி. புது இஞ்சினு, தூசி உள்ள போனா என்ன ஆகும்? அரைச்சுரும். அதனால நான் ரொம்ப உஷாரா இருந்தேன். இந்த மாதிரிப் பழைய வண்டியில காத்து வடிகட்டுறதுக்கு பேப்பர் ஃபில்டர் கிடையாதுண்ணே. ஒரு கிண்ணம் இருக்கும், அதுல ஆயில் ஊத்தி வச்சிருப்போம். இழுக்குற காத்து அந்த ஆயிலைத் தொட்டுட்டுப் போகும், தூசியெல்லாம் ஆயில்ல ஒட்டிக்கும். ஞாயித்துக்கிழமையானா கழட்டிக் கழுவி, புது ஆயில் ஊத்தி, நானே மாட்டுவேன். வேற எவனையும் தொட விடமாட்டேன். தூசி கூட ஆக ஆக ஆயிலும் கொஞ்சம் தாராளமாவே ஊத்துனேன். பிள்ளை பெத்தவளுக்குச் சோறு போடுற மாதிரி.

அங்க ஆரம்பிச்சது புகை.

மொத வாரம் லேசா. ரெண்டாவது வாரம், ஆக்சிலேட்டரை மிதிச்சா பின்னாடி ஊருக்கே சாம்பிராணி. நீலமா, நல்லா கெட்டியா. மூணாவது வாரம் மாயக்கா ஆளுகள்லாம் சேலை முந்தானையால மூஞ்சியைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்குக. கண்ணாடியில பாத்தா கொள்ளைக்காரிக பதினாலு பேரைக் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கு. ஒரு பொம்பளை, பேரு வேணாம், கொசு மருந்து வண்டின்னு சொல்லிருச்சு. அவ்வளவுதான். மறுநாள்ல இருந்து ஸ்டாண்டு பூரா அதான் பேரு. நான் வண்டியைக் கொண்டாந்து நிறுத்துனா டீக்கடையில இருந்து ஒருத்தன் கத்துவான், ஏப்பா எங்க தெருவுக்கு எப்ப வருவ, கொசு தாங்க முடியலன்னு. ஒருத்தன் மூக்கைப் பிடிச்சுக்குவான். சீனிச்சாமி இருக்கானே, பச்சை ஜீப்பு வச்சிருக்கான், அவன் மட்டும் சிரிக்க மாட்டான். தோள்ல கையைப் போட்டு, மெதுவா, ரொம்ப அக்கறையாச் சொன்னான்: மாப்ள, ரிங்கு பழசு போட்டுட்டாருடா. புதுசை எடுத்து வேற வண்டிக்கு மாட்டிட்டாரு. நீ வளைகாப்புக்குப் போன அன்னைக்கு நான் செட்டுப் பக்கம் வந்தேன், எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சுன்னான்.

நீலப் புகைன்னா ஆயில் எரியுது. ஆயில் எங்க இருந்து வரும்? ரிங்கு தேஞ்சிருந்தா அது வழியாத்தான் மேல ஏறி வரும். கணக்கு சரியா வருதுல்ல?

சும்மா சந்தேகத்துல பேசுற ஆளு இல்ல நான். சோதனை பண்ணுனேன். தேனிக்குக் கொண்டு போய் டீசல் பம்ப்பு செக் பண்ணுனேன், பம்ப்புக்காரன் சரியா இருக்குன்னுட்டான். டீசலைப் பீச்சுற நாசில் நாலையும் கழட்டி அழுத்தம் பாத்தான், எல்லாம் சரி. இஞ்சின்ல ஆயில் ஊத்துற மூடியைத் திறந்து வச்சு வண்டியை ஸ்டார்ட் பண்ணுனேன். ரிங்கு போயிருந்தா அந்த ஓட்டை வழியா புகை குபுகுபுன்னு வரணும். ஒண்ணும் வரல. குச்சியை எடுத்து இஞ்சின் ஆயில் அளவு பாத்தேன். தினம் பாத்தேன். ஒரு நூலு கூடக் கொறையல. அதிசயம் பாருங்க, அவ்வளவு ஆயில் எரியுது, ஆனா இஞ்சினுக்குள்ள ஆயில் அப்படியே இருக்கு. அப்பத்தான் புரிஞ்சது எனக்கு, ஆளு எவ்வளவு பெரிய கில்லாடின்னு. கண்டுபிடிக்க முடியாத மாதிரி ஏதோ பண்ணிருக்கான்னு.

அவன்கிட்டப் போய்க் கேட்டியாங்கிறீங்களா? எதுக்குக் கேக்கணும். கேட்டா என்ன சொல்லுவான், ஆமாப்பா ஏமாத்திட்டேன்னா சொல்லுவான்?

இந்த வளைவு கொஞ்சம் ஒடிக்கும், பிடிச்சுக்கங்க.

நான் முடிவு பண்ணுனேன். புகை குடுத்தது அவன். புகை அவனுக்கே போகட்டும். ஒரு மண்டலம். நாப்பத்தெட்டு நாளு. மலைக்கு மாலை போட்டவன் எப்படி விரதம் இருப்பானோ அப்படி. தினம் காலையில அஞ்சரைக்கு அவன் செட்டுக்கு முன்னாடி வண்டியை ரிவர்ஸ்ல கொண்டு போயி, சைலன்சரை நேரா அவன் வாசலைப் பாத்து வச்சு, பதினஞ்சு நிமிஷம் ரேஸ் பண்ணுறது. ஒரு வார்த்தை பேசுறதில்ல. அப்புறம் வண்டியை எடுத்துக்கிட்டு ஸ்டாண்டுக்குப் போயிர்றது.

சும்மா சொல்லலண்ணே, நாப்பத்தெட்டு நாளும் கறி தொடக்கூடாதுன்னு இருந்தேன். செருப்புப் போடல. வெறுங்கால்ல கிளச்சு மிதிச்சேன், காலு கொப்பளிச்சுருச்சு. எங்கம்மா கேட்டுச்சு, எந்தச் சாமிக்குடா விரதம்னு. பவுன்ராசு சாமிக்குன்னேன். அது ஏதோ மேமலைச் சாமின்னு நெனச்சுக்கிட்டு தினம் காலையில எனக்குத் திருநீறு பூசி அனுப்புச்சு.

மொத நாளு செட்டு ஷட்டரைத் தூக்கிட்டு வெளிய வந்தான். வீடும் செட்டும் ஒண்ணுதான் அவனுக்கு. பின்பக்கமா வீடு. நான் மிதிக்கிறேன், புகை போகுது உள்ள. இருமுனான். என்னப்பா அருளுன்னான். நீயே மோந்து பாருன்னேன். அவன் நின்னான். நெசமாவே மோந்து பாத்தான்ணே, மூக்கை இப்படித் தூக்கிக்கிட்டு, சமையல்ல உப்பு பாக்குறவன் மாதிரி. அப்புறம் என்னையப் பாத்தான். உள்ள போயி ஷட்டரைப் பாதி இறக்கிட்டான்.

அப்பவே நெனச்சேன், குத்தமுள்ள நெஞ்சு, அதான் ஷட்டர் இறங்குதுன்னு.

பத்து நாளுல தெருவே வேடிக்கை பாக்க ஆரம்பிச்சுச்சு. பவுன்ராசு பொண்டாட்டி பாக்கியம் அக்கா, அது மொதல்ல வெளிய துணி காயப் போட்டிருக்கும். ரெண்டு வெள்ளை வேட்டி சாம்பலாப் போச்சு. அப்புறம் நான் வர்றதுக்கு முன்னாடியே துணியெல்லாம் எடுத்து உள்ள வச்சுரும். ஒரு நாளு நல்ல பனி. அந்த அக்கா டம்ளர்ல காபியைக் கொண்டாந்து சன்னல்ல நீட்டுச்சு. குடி தம்பி, வெறும் வயித்துல புகை விடாதன்னுச்சு. நான் வாங்கிக் குடிச்சேன். ஒரு காலு ஆக்சிலேட்டர்ல, ஒரு கையில காபி. காபி வேற, பகை வேற. டம்ளரைக் கழுவிக் குடுக்கணும்னு தோணுச்சு, ஆனா இறங்குனா ரேஸ் கொறஞ்சிரும்னு அப்படியே குடுத்துட்டேன்.

இருபது நாளு, முப்பது நாளு. வண்டி விடுறவனுகளும் அவன் செட்டுக்கு வர யோசிக்க ஆரம்பிச்சானுக. நான்தான் ஒவ்வொருத்தன்கிட்டயும் சொன்னேனே. எங்க இஞ்சினைப் பாத்தீங்கள்ல, உங்களுக்கும் அதான்னு. உத்தமபாளையத்துல இருந்து வந்த ஒரு வண்டியை வாசல்லயே திருப்பி அனுப்புனேன். அன்னைக்கு எனக்குக் கிடைச்ச சந்தோசம் இருக்கே, சொன்னா புரியாது உங்களுக்கு. வயிறு குளுந்துருச்சு. செட்டுக்குள்ள பாத்தா அவன் ஸ்டூலைப் போட்டு சும்மா உக்காந்திருக்கான். கையில வேலை இல்ல. ஸ்பானரை எடுத்துத் துடைக்கிறான், வைக்கிறான், திருப்பியும் அதே ஸ்பானரைத் துடைக்கிறான்.

பாவமா? எனக்கா? நல்லா கேட்டீங்க போங்க.

இன்னொண்ணு. புகை கெட்டியா இருக்கணும்ல, வீரியமா இருக்கணும்ல. அதனால வண்டியை ரொம்பக் கவனிச்சேன் அப்ப. கிண்ணத்தை வாரத்துக்கு ரெண்டு தடவை கழுவி ஆயில் நெறப்புனேன். நல்லாக் கவனிக்கக் கவனிக்கப் புகையும் ஏறிக்கிட்டே வந்துச்சு. சாமி நம்ம பக்கம்னு நெனச்சேன்.

நாப்பத்தஞ்சாம் நாளு மாயக்கா என்னையத் தனியாக் கூப்பிட்டுச்சு. அருளு, நான் உங்கப்பாவுக்காகப் பொறுத்தேன். புள்ளைக சாயங்காலம் வீட்டுக்குப் போயி வாந்தி எடுக்குதுக. ஒருத்தி மாசமா இருக்கா. நாளான்னைக்கு வரைக்கும் பாக்குறேன், புகை நிக்கலேன்னா நாங்க சீனிச்சாமி வண்டிக்குப் போயிருவோம்னுச்சு. அக்கா, இன்னும் மூணே நாளு பொறுக்கா, அப்புறம் இஞ்சினைப் பிரிச்சுச் சரி பண்ணிர்றேன்னேன். ஏன்டா மூணு நாளுன்னு கேட்டுச்சு. விரதம் இருக்குக்கான்னேன். அது என்னைய ஒரு மாதிரியாப் பாத்துட்டு, தலையில அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. விரதத்தோட அருமை எல்லாருக்கும் தெரியாதுண்ணே.

இப்பத்தான் விசயத்துக்கு வர்றேன். நாப்பத்தேழாம் நாளு.

காலையில வழக்கம்போல போயி விட்டேன். அன்னைக்குப் புகை அபாரம். எதிர்வீடு தெரியல. அவன் பாதி ஷட்டருக்குக் கீழ குனிஞ்சு, புகையைப் பாத்துக்கிட்டே இருந்தான். மூக்கைப் பொத்தல அன்னைக்கு. நான் முடிச்சுட்டு ஸ்டாண்டுக்கு வந்துட்டேன். மாயக்கா ஆளுகள்லாம் தூக்குச்சட்டியோட நிக்குதுக. சீனிச்சாமி அவன் வண்டியைத் துடைச்சுப் பூப் போட்டு வச்சிருக்கான், மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போற மாதிரி.

பின்னாடியே மொபெட்டுல வந்து இறங்குறான் பவுன்ராசு. கையில ஒரு துணி. வேற ஒண்ணும் இல்ல. சண்டை வரப்போகுதுன்னு டீக்கடைக்காரரு கண்ணாடி டம்ளரையெல்லாம் உள்ள எடுத்து வைக்கிறாரு.

என் வண்டிக்கிட்ட வந்து, பானெட்டைத் தூக்குன்னான்.

எதுக்குன்னேன்.

தூக்குறா.

தூக்குனேன். ஏன் தூக்குனேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. அவன் ரெண்டு கிளிப்பைத் தட்டிவிட்டு அந்த ஆயில் கிண்ணத்தைக் கழட்டுனான். ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு, சிந்தாம, பாயாசம் கொண்டு போற மாதிரி அடி மேல அடி வச்சு நடந்து போயி, என்கிட்ட இல்லண்ணே, மாயக்காகிட்டக் காட்டுனான்.

தாயி, இதுக்குள்ள ஒரு கோடு போட்டிருக்கு, தெரியுதான்னான். மாயக்கா எட்டிப் பாத்துட்டு, கோடு ஒண்ணும் தெரியலையே, எண்ணெய்தான் தெரியுதுன்னுச்சு. விரலை விட்டு, இந்தா இங்க இருக்கு கோடுன்னு தடவிக் காட்டுனான். ரெண்டு விரல் கீழ இருக்கு. இதுக்கு மேல ஊத்தக் கூடாதும்மா. ஊத்துனா இஞ்சின் காத்தோட சேத்து ஆயிலையும் உறிஞ்சிரும். உறிஞ்சுன ஆயில் எரியும். அதான் இந்தப் புகை. ரிங்கும் நல்லா இருக்கு, பிஸ்டனும் நல்லா இருக்கு. இவன் வடை சுடுற அளவுக்கு எண்ணெய் ஊத்தி வச்சிருக்கான்னான்.

சிரிச்சாங்க பாருங்க. மொதல்ல டீக்கடைக்காரரு. அப்புறம் டிரைவருக. அப்புறம் அந்தப் பதினாலு பொம்பளையும். மாசமா இருக்குறவ வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்குது. வடைச்சட்டி, வடைச்சட்டின்னு ஒருத்தன். கொசு மருந்து போயி வடைச்சட்டி வந்துருச்சு.

அவன் சிரிக்கல. டீக்கடையில ஒரு பிளாஸ்டிக் கப்பு வாங்கி, கோடு தெரியிற வரைக்கும் ஆயிலை இறுத்துட்டு, கிண்ணத்தைத் துடைச்சு மாட்டுனான். ஸ்டார்ட் பண்ணுன்னான். பண்ணுனேன். புகை வந்துச்சு. எனக்கு உசுரு வந்த மாதிரி இருந்துச்சு. வருதே, இப்ப என்ன சொல்றன்னேன். உள்ள குழாயெல்லாம் ஆயில்ல நனஞ்சு கிடக்கு, ரெண்டு நாளு ஓடி அதையெல்லாம் எரிச்சு முடிக்கணும், அப்புறம் வராதுன்னான். இஞ்சின் ஆயில் கொறையலையே, புகை மட்டும் எப்படி வருதுன்னு ஒரு நாளாவது யோசிச்சியான்னு கேட்டான். முக்கா மெக்கானிக்குதான நீன்னான். எல்லார் முன்னாடியும்.

எனக்குக் காது ரெண்டும் எரியுது. இது எப்பத் தெரியும் உனக்குன்னு கேட்டேன்.

மொத நாளே தெரியும். மோந்து பாருன்ன. பாத்தேன். இஞ்சினுக்குள்ள கிடந்து கறுத்த ஆயில் நாத்தம் இல்ல, புது ஆயில் நாத்தம்னான்.

அப்ப ஏன் சொல்லல?

அதுக்கு அவன் சொன்னதைக் கேளுங்க. நீ முன்பக்கமா வந்திருந்தா பானெட்டைத் தூக்கிப் பாத்திருப்பேன். நீ நாப்பத்தேழு நாளும் பின்பக்கத்தையே காட்டிக்கிட்டு வந்த. நான் என்னத்தைத் தூக்கிப் பாக்க?

சரி, அப்ப இன்னைக்கு மட்டும் ஏன் வந்தன்னேன். அதுக்கு அவன் என்னையப் பாக்கல. மாயக்காவைப் பாத்துச் சொன்னான். இன்னைக்கு வந்த புகை நல்ல புகை இல்ல தாயி. இவன் இன்னும் ஒரு விரல் ஊத்துனா வண்டி டீசலை விட்டுட்டு ஆயிலைக் குடிச்சே ஓட ஆரம்பிச்சிரும். அப்புறம் ஆஃப் பண்ற கம்பியை இழுத்தாலும் நிக்காது, தன்னால வேகம் ஏறிக்கிட்டே போகும். இறக்கத்துல நீங்க பதினாலு பேரு. அதான் வந்தேன். இவனுக்காக வரலன்னான்.

மொபெட்டை மிதிச்சான். போயிட்டான்.

இப்பச் சொல்லுங்கண்ணே. யாரு பக்கம் நியாயம்?

என்ன, ரோட்டையே பாக்குறீங்க. சரி, நான் சொல்றேன். கிண்ணத்துல நான் கொஞ்சம் கூட ஊத்திட்டேன். ஒத்துக்குறேன். மனுசன்னா கை தவறும். ஆனா அவன்? தெரிஞ்சே நாப்பத்தேழு நாளு வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கான். நான் வெறுங்கால்ல வண்டி ஓட்டுறேன், அவன் உள்ள உக்காந்து ரசிச்சிருக்கான். காபி குடுத்து விட்டிருக்கான். ஒரு மனுசனுக்கு எவ்வளவு வன்மம் இருந்தா இப்படி இருக்க முடியும்? இன்னொண்ணைக் கவனிச்சீங்களா? நாப்பத்தெட்டு முடியட்டும்னு விட்டானா? இல்ல. நாப்பத்தேழாம் நாளு வந்தான். சரியா ஒரு நாளு மிச்சம் வச்சு வந்தான். உக்காந்து எண்ணியிருக்கான்ணே. ஆஃப் ஆகாது, இறக்கம், பதினாலு பேருங்கிறதெல்லாம் சும்மா. மண்டலம் பூர்த்தியாகக் கூடாதுன்னே வந்திருக்கான்.

அன்னைக்கு மாயக்கா ஆளுக சீனிச்சாமி வண்டியில ஏறிருச்சுக. நான் கெஞ்சுனேன். அதான் சரியாயிருச்சேக்கான்னேன். புகை இன்னும் வருதேடான்னுச்சு. கடைசியில ஒண்ணு சொல்லுச்சு. ஒரு வாரம் வெறும் வண்டியா எங்களுக்கு முன்னாடி மலை ஏறு. நாங்க கீழ வளைவுல இருந்து பாத்துக்கிட்டே வர்றோம். ஏழு நாளும் புகை இல்லேன்னா எட்டாம் நாளு உன் வண்டியில ஏறுறோம். அதுக்கு மேல ஒரு தடவை புகைஞ்சாலும் ஜென்மத்துக்கும் உன் வண்டியில கால் வைக்க மாட்டோம்னுச்சு.

அதான் இந்த வெறும் ஓட்டம். மொத ரெண்டு நாளு கொஞ்சம் வந்துச்சு, அது உள்ள கிடந்தது, அதைக் கணக்குல எடுக்க மாட்டேன்னுருச்சு மாயக்கா, நல்ல மனுசி. அதுக்கப்புறம் எண்ணுனா இன்னைக்கு ஏழாவது நாளு. அந்தக் கண்ணாடியில பாருங்க. நமக்கு ரெண்டு வளைவு கீழ ஒரு பச்சை ஜீப்பு வருதா? அதுல நீலச் சேலை கட்டி முன்னாடி உக்காந்திருக்குல்ல, அதான் மாயக்கா. தலையைத் தூக்கி நம்மளையே பாக்குது பாருங்க. கையைக் காட்டுங்க, தப்பில்ல.

இப்ப மிதிக்கிறேன், நல்லாப் பாருங்க. வருதா? ஒரு இழை வருதா? கண்ணாடி மாதிரி இருக்கு. புகையும் இல்ல, ஆளும் இல்ல. நாளைக்கு ஆளு வந்துரும். காலையில ஆறு மணிக்கு ஸ்டாண்டுல ஏறிக்கிறோம்னு மாயக்கா நேத்தே சொல்லிருச்சு. எங்கம்மா கேசரி கிண்டித் தர்றேன்னுருக்கு, பதினாலு பேருக்கும்.

ஆனா எனக்குத் தூக்கம் வரலண்ணே.

ஒரு நாளு பாக்கி இருக்குல்ல.

நாப்பத்தேழு ஒரு மண்டலம் ஆகுமா? நீங்களே சொல்லுங்க. இவ்வளவு பட்டினி கிடந்துட்டு, காலெல்லாம் கொப்பளிச்சு, ஒரு நாளைக்குப் போயி அப்படியே விட்டுர்றதா? ஸ்டாண்டுல எவனும் என்னைய அருளுன்னு கூப்பிடுறதில்ல, வடைச்சட்டின்னுதான். நேத்துப் பாக்கியம் அக்கா என்னையப் பாத்துச் சிரிச்சுச்சு. மறுபடியும் வேட்டியெல்லாம் வெளிய காயுது. வெள்ளையா. பாத்தாலே வயிறு எரியுது. செட்டுல மூணு வண்டி நிக்குது. அவன் ஸ்பானரை வச்சு வேலை பாக்குறான், துடைக்கல. இதுக்கா நான் விரதம் இருந்தேன்?

அதனால ஒரு யோசனை பண்ணிருக்கேன். உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நீங்க வெளியூரு. நாளைக்குக் காலையில அஞ்சேகாலுக்குக் கிண்ணத்தைக் கழட்டி ஆயிலை ஊத்துறது. அஞ்சரைக்கு அவன் வாசல்ல ரிவர்ஸ்ல போயி நிக்கிறது. பதினஞ்சு நிமிஷம். முடிஞ்சது மண்டலம். ஓரமா நிறுத்தி ஆயிலைக் கோடு வரைக்கும் இறுத்துட்டு, துடைச்சு மாட்டிட்டு, ஆறு மணிக்கு ஸ்டாண்டுல நல்ல பிள்ளையா நிக்கிறது. அஞ்சு நிமிஷ வேலைண்ணே அது. அவன் பண்ணுனதை நான் பக்கத்துல நின்னு பாத்தேன்ல.

ரெண்டு நாளு எரியும்னு சொன்னாரேங்கிறீங்களா? அது அவன் சொன்னது. அவன் பேச்சை நம்பியா நான் வண்டி ஓட்டுறேன்.

கோட்டுக்கு மேல ரெண்டு விரல் ஊத்துனா பழைய புகைதான் வரும். பூர்த்தி நாளுன்னா ஒரு சிறப்பு இருக்கணும்ல. மூணு விரல் ஊத்தலாம்னு இருக்கேன்.

என்னண்ணே, கைப்பிடியை அப்படி இறுக்கிப் பிடிக்கிறீங்க. மெட்டு வந்துருச்சு, இன்னும் ரெண்டே வளைவு. உங்க காலுக்குக் கீழ ஒரு கேன் உருளுதுல்ல, அதைக் கொஞ்சம் நிமித்தி வைங்க. மூடி லூசு. காலையிலதான் வாங்குனேன், புது ஆயில்.

நாளைக்குச் சாயங்காலம் கீழ வரணும்னா இதே இடத்துல நில்லுங்க. மாயக்கா ஆளுகளைக் கூட்டிக்கிட்டு அஞ்சு மணிக்கு வருவேன், நெருக்கிப் பிடிச்சு உங்களுக்கும் ஒரு இடம் போட்டுர்றேன். இறக்கம்தான, சல்லுன்னு போயிரலாம்.